அக்டோபர் மாதத்து இலை

அந்தப் பிள்ளை கொடுத்த தண்ணீரை நான் குடிக்கவில்லை. வாங்கிக்கொண்டேன், "நல்லா இரும்மா" என்றுகூடச் சொன்னேன், உதட்டில் படுகிற மாதிரி தம்ளரைச் சாய்த்துவிட்டு, அவள் லேப்புக்குள் போனதும் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டேன். எவர்சில்வர் தம்ளர்தான், தண்ணீரும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கிறதெல்லாம் தண்ணீர் இல்லையென்று என் மகள் பிரிஸ்காதான் எனக்குக் காட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, என் அடுப்படியிலேயே, சீனி மாதிரி ஒரு வெள்ளைப் பொடியையும் எலுமிச்சை உப்பையும் கண்ணாடிக் குவளையில் போட்டு, துளித் தண்ணீர் விட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்தாள். "பாத்துக்கிட்டே இரும்மா" என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரம் ஈரமானது, அப்புறம் நடு இடம் இடிந்து விழுந்தது, அப்புறம் இரண்டு பொடியும் இருந்த இடம் தெரியாமல் தேன் மாதிரி ஒரு திரவம். ஒன்றையொன்று பார்க்காதவரைக்கும் கல்லாக இருந்தவை, பக்கத்தில் வந்து லேசாகச் சூடு பட்டதும் இளகிப் போய்விட்டன. "இதுதாம்மா பசுமைக் கரைப்பான். விஷமும் வேண்டாம், தீப்பிடிக்கிற சாமானும் வேண்டாம். இலையில இருக்கிற மருந்த இதுவே வெளிய இழுத்துரும்." பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அதற்கு நிறமே இல்லை. இனிப்பும் புளிப்பும் சேர்ந்து கசப்பை எப்படிட்டி இழுக்கும் என்று கேட்டேன். "நீ கூப்பிட்டா அப்பா சாப்பிட வர மாட்டாங்க, நான் கூப்பிட்டா வருவாங்கல்லா, அப்படித்தான்" என்று சிரித்தாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. இந்த இரண்டு மாசமாக அதைக் காணோம், அதற்குக் காரணம் இந்தத் தம்ளரைக் கொடுத்த பிள்ளை, இசக்கியம்மாள்.

காரணம் என்று முடிவு கட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. பிரிஸ்கா உள்ளே இருக்கிறாள். இந்த நீள வராந்தாவின் கோடியில் பழுப்புக் கதவு, அதற்குப் பின்னால் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி கோமதிநாயகம் சார், அவளைக் கேள்வி கேட்க மதுரையிலிருந்து வந்திருக்கிற ஒரு மேடம். பத்தரைக்குக் கூப்பிட்டார்கள், இப்போது பதினொன்று தாண்டிவிட்டது. அவள் கையிலிருக்கிற பைலில் நாலு வருஷத்து வேலை இருக்கிறது, கடைசித் தாளுக்குப் பின்னால் மடித்து வைத்த ஒரு கடிதமும் இருக்கிறது. "முடியப் போற நேரத்துல, வேற ஏதாவது சொல்லணுமான்னு கேப்பாங்கம்மா. அப்ப குடுப்பேன்." அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், இங்கிலீஷில் எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். "என்னுடைய புட்டிகளில் வேறொரு பொருள் கலக்கப்படுகிறது, எதிர் மேசையில் வேலை செய்கிற இசக்கியம்மாள் மேல் எனக்குச் சந்தேகம், விசாரிக்க வேண்டும்." மூன்றே வரி. மூன்று வரியில் ஒரு பிள்ளையைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம். போடட்டுமே, என் பிள்ளையின் நாலு வருஷம் என்ன ஆகிறதாம். என் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் கடைசியாகக் காய வைத்த கீழாநெல்லி. எல்லாரும் பார்க்கத் திரும்பச் செய்து காட்டு என்று உள்ளே கேட்டால் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். "மடிய விட்டு இறக்காதம்மா. யார் கேட்டாலும் கையில குடுக்காத. ஒன்னுக்கு வந்தாலும் அடக்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அறுபது வயசுக்காரியிடம் சொல்கிற பேச்சைப் பார். அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்குப் புரிந்தவரைக்கும் விஷயம் இதுதான். இலையிலிருந்து இழுத்ததை ஒரு மெஷினில் விட்டால் அது காகிதத்தில் கோடு போடும், மேடும் பள்ளமுமாக. ஒவ்வொரு மேடும் ஒரு பொருள். கீழாநெல்லிக்கு எந்த இடத்தில் எந்த மேடு வரும் என்று படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். என் மகளின் காகிதத்தில் மட்டும், ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மேடு, கோபுரம் மாதிரி. முதலில் சார் துள்ளினாராம். "புதுசா ஒன்னு கெடச்சிருக்கு பிரிஸ்கா, மத்தவன் தொடாதத உன் கரைப்பான் தொட்டிருக்கு." அன்றைக்கே கோயிலில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை காய வைத்த இலையில் அந்த மேடு இல்லை. அதற்கடுத்த இலையில் மறுபடி வந்தது, ஆனால் குட்டையாக. அதே செடியில் வேலை செய்கிற இசக்கியம்மாள் காய வைத்த இலையில் எதை ஊற்றி எடுத்தாலும் அது வரவே இல்லை. வந்தும் வராமலும் ஆடுகிற பொருள் செடிக்குள் இருக்க முடியாது, யாரோ வெளியிலிருந்து போடுகிறார்கள் என்று ஜூலை மாசம் சார் சொன்னார். சொல்லும்போது பிரிஸ்காவையே பார்த்தாராம். பேர் வாங்குவதற்காக நீயே போட்டாயா என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் தலையைத் தடவிக்கொண்டே கேட்டேன், "எதுத்த மேசைப் பிள்ளை எப்படிட்டி?" என்று. அவள் அதுவரைக்கும் யார் பேரையும் எடுக்கவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவள் கண்ணுக்குள் அந்தப் பிள்ளை போய் உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது.

சும்மா கேட்கவில்லை, காரணம் இருந்துதான் கேட்டேன். மெஷின் இருக்கிற அறைச் சாவி இசக்கியிடம்தான் இருக்கிறது. யார் எதை ஓட்டினார்கள், என்ன மேடு வந்தது என்று எழுதுகிற ரெஜிஸ்டரும் அவளிடம்தான். காலையில் பிரிஸ்காவுக்கு முன்னால் வருகிறாள், சாயங்காலம் அவளுக்குப் பின்னால் போகிறாள், இடையில் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். ஒருநாள் பிரிஸ்காவிடம், "இது எந்த மாசத்து இலைக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு எதற்கு மாசம். அப்புறம் அந்தச் சிரிப்பு. எப்போது பார்த்தாலும் பல் தெரிகிற சிரிப்பு, ஒரு மனுஷிக்கு அவ்வளவு சந்தோஷம் எங்கேயிருந்து வரும். ஆலங்குளத்துப் பக்கம் வீடு, தகப்பன் இல்லை, அம்மை பீடி சுற்றிப் படிக்க வைத்தது என்று பிரிஸ்கா சொல்லியிருக்கிறாள். அப்படி வந்த பிள்ளைக்கு, வீட்டில் எல்லாம் அமைந்த பிள்ளையைப் பார்த்தால் மனசு ஆறுமா. சே, நானும் ராமையா வாத்தியார் வீட்டில் பாத்திரம் விளக்கித்தான் எட்டாவது படித்தேன், யார் பொருளையும் நான் கெடுக்கவில்லையே. கெடுக்க நினைத்ததே இல்லையா? இதை இப்போது யோசிக்க வேண்டாம். போன அக்டோபரில் ஒருநாள் அவள் பிரிஸ்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள், அன்றைக்குத்தான் அவளை முதல் தடவை பார்த்தேன், அதை யோசிக்கலாம். சாயங்காலம், நான் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், கயிற்றுக் கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து இலை காய்ந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் நின்று, குனிந்து இலையைக் கையில் அள்ளிப் பார்த்தாள். மூன்று தும்மல் போட்டாள். பிரிஸ்கா ஏதோ சந்தேகம் கேட்டாள், அவள் யோசிக்கக்கூட இல்லை, டக்கென்று பதில் சொன்னாள், பிரிஸ்கா நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். என் மகள் ஒருத்தி சொல்லக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். மூன்று தும்மல், நல்ல காரியத்துக்கு நடுவில். அது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை, தும்மலைத்தான் சொல்கிறேன்.

கதவு திறக்கிறதா என்று பார்த்தேன், இல்லை, அது லேப்புக் கதவு. அவள்தான் மறுபடி வந்தாள், நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். "என்னம்மா, பிரிஸ்கா அக்கா உள்ள போயி நேரம் ஆயிட்டுன்னு பயந்துட்டீங்களா? மதுரை மேடம் அப்படித்தான், நோண்டி நோண்டிக் கேப்பாங்க. ஆனா நல்லவங்க" என்றாள். நல்லவர்கள் என்று எல்லாருக்கும் சீட்டுக் கொடுக்கிறவளை நம்பக் கூடாது. "ஆங்" என்றேன். "டீ வாங்கிட்டு வரட்டா?" "வேண்டாம்மா, வயிறு சரியில்ல." வயிறு நன்றாகத்தான் இருந்தது. இந்த ஒரு காலையில் இது எத்தனையாவது பொய், சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எண்ணிக்கை சொல்ல வேண்டும். "அப்ப அந்தப் பையக் குடுங்க, உள்ள வெச்சிருதேன். இந்தப் புழுக்கத்துல மடியில எதுக்கு?" கையை நீட்டியேவிட்டாள். நான் பையோடு நகர்ந்தேன், பெஞ்சு கிறீச்சென்றது. அவள் கையை மடக்கிக்கொண்டு சிரித்தாள். "எம்மா, கைப்பிள்ளய அணைக்கிற மாதிரில்லா அணைக்கீங்க. என்னப் பாத்தா பிள்ளை பிடிக்கிறவ மாதிரியா இருக்கு?" நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும். பேச்சு அதோடு நின்றிருந்தால் நான் இன்னும் நிம்மதியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்பேன். நான் நகர்ந்ததில் பையின் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. அவள் மூக்கைச் சுருக்கி, நாய்க்குட்டி மாதிரி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். "கோயில் வாசம் வருதும்மா இதுல."

"என்னது?" என்றேன். "சாம்பிராணி. எனக்கு மூக்கு அம்மா குடுத்தது. எங்கம்மா பீடி இலைய மோந்து பாத்தே, இது எந்த வீட்டு அடுப்படியில கெடந்த கட்டுன்னு சொல்லிரும். மண்ணெண்ணெ அடுப்புப் பக்கம் ஒரு ராத்திரி வெச்சாப் போதும், சுத்திக் குடுத்த பீடியப் பூராவும் கடைக்காரன் கழிச்சு வெச்சிருவான். காஞ்ச இலை எல்லாத்தையும் குடிச்சிரும்மா, அதுக்கு வேண்டியது வேண்டாதது தெரியாது." இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அம்மையைப் பற்றிச் சொல்கிற சிரிப்பு. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றுவதற்குள் அட்டெண்டர் கோடியிலிருந்து கூப்பிட்டார், "ஏ இசக்கி, மெஷின் ரெஜிஸ்டர எடுத்துக்கிட்டு ரெடியா இரு, கடைசில உன்னயும் உள்ள கூப்பிடுவாங்களாம்." "என்னயவா? என்னய எதுக்குண்ணே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து ஓடினாள். ரெஜிஸ்டரைப் பார்க்கத்தான், ஆனால் அவள் உள்ளே போகிற நேரத்தில் அங்கே கடிதமும் வந்திருக்கும். அவள் பின்னல் வராந்தாவில் ஆடிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் வாசம். எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. பையை முகத்துக்கு நேரே பிடித்து இழுத்துப் பார்த்தேன், காய்ந்த இலை, கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். நம் வீட்டு வாசம் நமக்குத் தெரியாது. பிரிஸ்காவுக்கும் தெரியாது, அந்த வாசத்துக்குள்ளேதான் அவள் பிறந்து தவழ்ந்தாள். லேப்பில் எல்லாக் காற்றிலும் மருந்து வாடை, நம் வீடுதான் சுத்தம் என்று சொல்லித்தான் போன வருஷம் இலையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நிழல் வேண்டும், காற்று வேண்டும், வேறு வாடை படக் கூடாது. அதற்கு மாதா படம் இருக்கிற உள்ளறையைவிடச் சுத்தமான இடம் எது என்று நான்தான் கட்டிலை அங்கே இழுத்துப் போட்டேன். அவள் வீடு திரும்ப அநேகமாக எட்டு மணி ஆகும். நான் ஆறரைக்குச் சிரட்டைக் கங்கு எடுத்து, பொடியைத் தூவி, படத்துக்குக் காட்டிவிட்டு, அப்புறம். அப்புறம் என்ன செய்தேன்? சொல்லு. படத்துக்குக் காட்டிவிட்டுக் கட்டிலைச் சுற்றி வந்தேன். தூபக்காலை இலைக்கு மேல் பிடித்து, முந்தானையால் விசிறி விசிறி, தாயே இந்த இலையில் என் பிள்ளைக்கு ஒரு நல்லது கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு மூலைக்கும் காட்டினேன். புகை மேலே போகிறது என்று நினைத்திருந்தேன். அது இலைக்குள் போயிருக்கிறது.

இல்லை, அவசரப்படாதே, கணக்காகப் பார். அக்டோபர் ஜெபமாலை மாசம், முப்பத்தொரு நாளும் புகை போட்டேன், ஒருநாள் தவறவில்லை. அந்த இலையில்தான் கோபுரம். அடுத்த இலை பிப்ரவரி. பிப்ரவரியில் பிரிஸ்கா அப்பாவுக்கு இளைப்பு வந்து, வீட்டில் ஊதுபத்திகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், தூபக்கால் பரண் மேல் கிடந்தது. அந்த இலையில் ஒன்றும் இல்லை. ஜூனில் அவுகளுக்குச் சற்றுத் தேவலை, சனிக்கிழமை மட்டும் போட்டேன். அந்த இலையில் குட்டை மேடு. தலைக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. என் மகளும் சாரும் மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்த அந்தக் காகிதத்தில் இருந்தது என்னுடைய ஜெபம். நான் எந்த மாசம் எவ்வளவு வேண்டினேன் என்று அந்த மெஷின் கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. அந்தத் தேன் மாதிரித் திரவம், பாவம், அதன் மேல் எனக்கு எவ்வளவு சந்தேகம், அது இலையில் இருந்ததை ஒளிக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறது. நான்தான் ஒளித்திருக்கிறேன், ஒளிக்கிறேன் என்று தெரியாமலே. இப்போது என் மடியில் இருப்பது ஆகஸ்ட் இலை. பதினைந்தாம் தேதி மாதா திருநாளுக்கு முன்னால் ஒன்பது நாள் நவநாள், ஒன்பது நாளும் புகை. இதை எல்லார் முன்னாலும் வைத்துச் செய்தால் மேடு வரும். வந்தால்? வந்தால், யாரும் கலக்காமலே வந்தது, செடியிலேதான் இருக்கிறது, புதுப் பொருள்தான் என்று சார் மறுபடி துள்ளுவார். என் மகள் பேர் பெரிதாக அச்சாகும். நான் வாயை மூடிக்கொண்டு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும், ஒரு பாவமும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். என்றைக்காவது வேறு ஊரில் யாராவது செய்து பார்த்து வரவில்லை என்பார்கள், அதுவரைக்கும் சிரிப்பாள், அடுப்படியில் சிரித்த அந்தச் சிரிப்பு. ஆண்டவரே, இது நீர் எனக்குக் கொடுத்த பதிலா, சோதனையா, அதையாவது சொல்லும். எப்போது கேட்டாலும் பேசாமலே இருக்கிறீர். அதற்குள் கடிதம் வெளியே வந்துவிடும். ரெஜிஸ்டரைத் தேடி ஓடினாளே அவளை உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்பார்கள், ஸ்காலர்ஷிப்பை நிறுத்துவார்கள், ஆலங்குளத்தில் ஒரு பொம்பிளை மடியில் முறத்தோடு உட்கார்ந்து இலையை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு யாரோ போன் பண்ணுவார்கள். அவளும் தினம் ஏதாவது சாமிக்கு விளக்கு வைக்கிறவளாகத்தான் இருப்பாள். அவள் வேண்டியதை என்னுடைய புகை போய்க் கெடுக்க வேண்டுமா. சொன்னால் பிரிஸ்கா என்னை என்ன பார்வை பார்ப்பாள்? வேறு வாடை படாத அறை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். படிக்காத தாயால் கெட்டது என்று வெளியே சொல்ல மாட்டாள், பெண் பிள்ளைகள் சொல்லாது, உள்ளேயே வைத்துக்கொள்ளும். மகன் இருக்கிறானே ஓசூரில், அவன் வாய்விட்டுக் கத்திவிடுவான், அது ஒருநாளோடு போகும். இவள் பத்து வருஷம் வைத்துக்கொள்வாள். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், அடுத்த வார்த்தை வரவில்லை, ஐம்பது வருஷமாகச் சொல்கிறது வரவில்லை. பழுப்புக் கதவு திறந்து அட்டெண்டர் தலையை நீட்டி, "இசக்கியம்மா, வா" என்றார்.

எழுந்தது நான். கால் மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். "நீங்க இல்லம்மா, அந்தப் பிள்ளய" என்று அட்டெண்டர் கையை நீட்டி மறித்தார். "எனக்கும் சொல்லதுக்கு இருக்குய்யா" என்று குனிந்து அவர் கைக்கு அடியில் நுழைந்துவிட்டேன், எனக்கே ஆச்சரியம். நீள மேசை. கடிதம் வெளியே வந்துவிட்டது. மதுரை மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பிரிஸ்கா என்னைப் பார்த்து வெளிறிப்போனாள். "எம்மா, யாரு உன்ன வரச் சொன்னா?" எனக்குப் பின்னால் ரெஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இசக்கி வந்து நின்றாள். "சார், அந்த மேடு செடியில உள்ளது இல்ல, யாரும் கலக்கவும் இல்ல. நான் போட்ட சாம்பிராணி" என்றேன். எல்லாம் சொன்னேன், கட்டில், கங்கு, முந்தானை எல்லாம். பிரிஸ்கா சின்னக் குரலில், "இலைக்கு மேலயா காட்டின?" என்றாள். "உனக்காகத்தான்ட்டி." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேடம்தான் கேட்டார்கள், "எந்தெந்த மாசம்னு சொல்லுங்கம்மா. ரெஜிஸ்டர் யார்கிட்ட?" இசக்கி மேசை ஓரத்தில் விரித்தாள். "அக்டோபர் பூராவும்" என்றேன். விரலை ஓட்டி, "இருக்கு மேடம், பெருசா" என்றாள். "பிப்ரவரியில போடல." "இல்ல." "ஜூன்ல சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை." "இருக்கு. குட்டையா." கோயிலில் மன்றாட்டுக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னாள், அந்தக் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், ஒன்றும் பிடிபடவில்லை. மேடம் மெதுவாகத் தலையாட்டினார்கள். "கரைப்பான் மேல தப்பில்ல, பிரிஸ்கா. அது ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கு. ஆனா வீட்டுல காய வெச்ச இலை எல்லாத்தையும் தள்ளிட்டு முதல்ல இருந்து செய்யணும். ஆறு மாசம் ஆகும். செய்வீங்களா?" "செய்யுதேன் மேடம்" என்றாள் என் மகள், என்னைப் பார்க்காமல்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மேடம் கடிதத்தை மடித்து பிரிஸ்கா பக்கம் தள்ளினார்கள், "இத நீங்களே வெச்சுக்கோங்க." மடிப்பில் வெளிப்பக்கமாக ஒரு பேர் தெரிந்தது. இசக்கி அதைப் பார்த்துவிட்டாள். "அதுல என் பேரு இருக்கே மேடம்?" சார் ஜன்னலைப் பார்த்தார். பிரிஸ்கா கடிதத்தின் மேல் கையை வைத்து மூடினாள். புகையைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகவே இல்லை, இப்போதுதான் தெரிந்தது, அதில் என் பக்தியும் சேர்ந்து தெரிந்ததே. இதில் அப்படி நல்லது எதுவும் தெரியாது. "உன்னப் பத்தினதும்மா" என்றேன். "நீதான் புட்டியில ஏதோ கலக்குதன்னு எழுதியிருக்கு. அவளுக்கா தோணல. நான்தான் தோண வெச்சேன்." ரெஜிஸ்டரை மூடப் போனவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பு இல்லாத அந்த முகத்தை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன், பிரிஸ்கா அழுகிறபோது இருக்கிற மாதிரியே இருந்தது. "எப்பருந்தும்மா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, மற்ற மாசங்களைக் கேட்டது போலவே கேட்டாள். ஜூலை என்று சொல்ல வாயெடுத்தேன். ஜூலையில்தான் கேட்டேன், ஜூலை என்றால் பொய்யில்லை, எல்லாருக்கும் அது போதும். அக்டோபர் மாசம் ஒரு சாயங்காலம் என் மகள் சந்தேகம் கேட்டு நோட்டை விரித்ததும், இந்தப் பிள்ளை யோசிக்காமல் பதில் சொன்னதும், எனக்கு அது பொறுக்காமல் போனதும், தும்மலைச் சாக்கு வைத்து அதை நான் மூடிக்கொண்டதும் வேறு யாருக்குத் தெரியும்.

"உன்ன மொதமொதல்ல பாத்த அன்னைக்கே" என்றேன்.